இடப்பக்கத்துக் கண்ணாடி

சித்தெ அந்தப் பக்கம் நகந்து உக்காரு கண்ணு. மடியில கண்ணாடி இருக்குது. கடைக்கார ஜாபர் பாய் பேப்பர் சுத்தித்தான் குடுத்திருக்காரு, இருந்தாலும் இந்த டிரைவரு பிரேக் போடற லட்சணத்துக்கு ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணு ரெண்டாகி... ச்சே, நல்ல வாக்காச் சொல்லோணும். பத்தரமாப் போயிரும். நீ என்ன, காலேஜா? ஓ, பாங்குல வேலையா. நல்லது. நான் எறங்கறது காட்டூர் பிரிவு, பள்ளிபாளையம் தாண்டி. அது வரைக்கும் உனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆச்சு. பயப்படாத, நான் ரொம்பப் பேசற ஆளில்ல.

மூஞ்சி பாக்கற கண்ணாடியான்னா கேக்கறே? இல்ல கண்ணு, பைக்குக் கண்ணாடி. கைப்பிடியில வெப்பாங்களே, அது. ஏன் சிரிக்கறே? பொம்பளை பைக்குக் கண்ணாடி வாங்கக் கூடாதுன்னு எவனாச்சும் எழுதி வெச்சிருக்கானா? பாயும் இப்பத்தான் சிரிச்சாரு. சிரிக்கட்டும். அவரு சிரிக்கோணும்னுதான் நானும் அப்படிச் சொல்லிட்டு வந்தேன். அது பெரிய கதை. சொல்றேன், சொல்லாம எங்க போறேன்.

எங்க ஊட்டுக்காரரு தறி ஓட்டறவரு. சின்ன வயசுலேர்ந்தே விசைத்தறிப் பட்டறைதான். பேரு நான் சொல்ல மாட்டேன். திருச்செங்கோட்டு மலை மேல இருக்கற சாமி பேரு. நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறேன். காலைல அவரு ஷிப்டுக்குப் போற வழியில என்னைய எறக்கி விட்டுட்டுப் போவாரு, முடிஞ்சு வர்றப்ப கூட்டிட்டு வருவாரு. எங்களுக்குப் பேச்சுன்னா அந்த வண்டிப் பயணத்துலதான். ஊட்டுல எங்க பேச முடியுது? அவரு வந்ததும் டிவியைப் போட்டுருவாரு. போடறதுன்னா எப்படி, எதுத்த தெருக்காரங்க அவங்க ஊட்டு டிவியை அணைச்சுட்டு எங்க ஊட்டு டிவியைக் கேட்டுக்குவாங்க, அப்படி. அதுக்கு மேல கத்தி நான் பேசோணும்னா என்ற தொண்டை என்ன ஆகறது?

அதனால வண்டிதான். நான் சேலைக்காரி, ஒரு பக்கமாத்தான் உக்காருவேன், இடது பக்கம் காலைத் தொங்கப் போட்டு. வண்டி கெளம்புச்சுன்னா நான் ஆரம்பிப்பேன். அரிசி எப்படி வந்திருக்குது, டீச்சரம்மா என்ன சொல்லுச்சு, அவரு சின்ன அண்ணன், எங்க மச்சாண்டாரு ஊட்டுல எதுக்குச் சண்டை, எல்லாம். அவரு ஒண்ணொண்ணுக்கும் பதிலு சொல்லுவாரு கண்ணு. ம் கொட்டறதில்ல, பதிலு. இந்தக் காலத்துல எந்த ஆம்பளை பொண்டாட்டி பேச்சுக்கு முழுசாப் பதிலு சொல்றான், நீயே சொல்லு. எங்க அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் இதுல என் மேல ஒரே பொறாமை.

அந்த வண்டியில ஒத்தக் கண்ணாடிதான் இருந்துச்சு, இடப்பக்கத்துல. வலது பக்கத்துக் கண்ணாடி என்னைக்கோ ஒடஞ்சு போய், தண்டு மட்டும் நட்டுக்கிட்டு நிக்கும். அதுல காய்கறிப் பையைத் தொங்க விட்டுக்குவாரு. இருக்கற இடது கண்ணாடியாச்சும் ரோட்டைக் காட்டுதா? காட்டாது. என்ற மூஞ்சியைக் காட்டும். நேரா என்ற மூஞ்சிக்குத் திருப்பி வெச்சிருப்பாரு. டீக்கடையில நிறுத்துனா யாராச்சும், 'ஏனுங்கண்ணா, கண்ணாடி கோணலா இருக்குதுங்க'ன்னு திருப்பி விட்டுருவாங்க. இவரு ஏறி உக்காந்ததும் மறுபடியும் என்ற பக்கம் திருப்பிட்டுத்தான் கிக்கரையே ஒதைப்பாரு.

நான் என்ன நெனைப்பேன்? மக கோகிலாவைக் கட்டிக் குடுத்தாச்சு, தலை நரைச்சாச்சு, இன்னும் இந்த மனுசனுக்கு நம்ம மூஞ்சியைப் பாக்காம வண்டி ஓட்ட முடியலையேன்னு நெனைப்பேன். வெளிய திட்டுவேன், 'ரோட்டைப் பாருங்க, இங்க என்ன கெடக்குது'ன்னு. உள்ளுக்குள்ள வெக்கம் புடுங்கித் திங்கும். உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, அதுக்காகவே காலைல பவுடர் போட்டுட்டுப் போவேன். டீச்சரம்மா ஒருக்காக் கேட்டுச்சு, 'சம்பூர்ணக்கா, அடுப்புக்கு முன்னாடி நிக்கறவங்களுக்கு எதுக்குக்கா பவுடரு'ன்னு. அதுக்கென்ன தெரியும், சின்னப்பொண்ணு.

ஆடி மாசம் இது பெரிய வம்பாப் போச்சு. மெயின் ரோட்டுல போயிட்டிருக்கறோம். பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான். அடிக்கறான், அடிக்கறான், அவனுக்குக் கையே வலிச்சிருக்கும். இவரு நடு ரோட்டுல மாப்பிள்ளை ஊர்வலமாட்டப் போயிட்டிருக்காரு. நான் என்னமோ வெங்காய வெலையைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன், அதுக்குப் பதிலு சொல்லிட்டிருக்காரு. லாரி பக்கத்துல வந்ததும் நான் முதுகுல ஓங்கி ஒரு குத்து விட்டேன். பொசுக்குனு ஓரத்துக்கு ஒடிச்சாரு. என்ற சேலைத் தலைப்பு லாரி மேல ஒரசிட்டுப் போச்சு கண்ணு. உசுரு போய் உசுரு வந்துச்சு.

அந்த டிரைவரு முன்னாடி போய் நிறுத்தி, எறங்கி வந்து, 'யோவ், காது கேக்காதா?'ன்னான். நான் விடுவனா? என் புருசனைப் பாத்து காது கேக்காதான்னு கேக்கறியா, உனக்குத்தான் கண்ணு தெரியலை, உங்கப்பனுக்குத்தான் காது கேக்காதுன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். அவன் லாரியில ஏறுனவன் திரும்பியே பாக்கலை.

எனக்கு அவ்வளவு ஆங்காரம் வந்ததுக்கு வேற ஒரு காரணமும் இருக்குது. எங்க மாமனாருக்குக் காது சுத்தமாக் கேக்காது. அவரும் தறிதான். ஊரே அவரைச் செவிட்டுத் தறிக்காரருன்னுதான் கூப்புடும். பொடுசுங்க பின்னாடி போய்ப் பாத்திரத்தைத் தட்டிச் சிரிக்குமாம். எங்க ஊட்டுக்காரரு அதைப் பாத்துப் பாத்து வளந்தவரு. அப்பா கையைப் புடிச்சுட்டு நடக்கவே வெக்கமா இருந்துச்சு புள்ளேன்னு ஒருக்கா எங்கிட்டச் சொல்லியிருக்காரு. அதனால செவிடுங்கற வார்த்தையே எங்க ஊட்டுல ஆகாது. அன்னைக்கு அந்த லாரிக்காரன் போனப்பறம் இவரு வண்டியில ஏறவே இல்ல. வண்டியைத் தள்ளிட்டே கொஞ்ச தூரம் நடந்தாரு.

விசயம் மருமகப்பிள்ளை காதுக்குப் போயிருச்சு. எப்படிப் போச்சுன்னா, நான்தான் சொன்னேன். ஈரோட்டுல வண்டிக் கம்பெனியில சர்வீஸ் பாக்கறாரு. நல்ல தம்பி, ஆனா ஒரு விசயம் கெடைச்சுதுன்னா கிளாஸ் எடுத்துருவாரு. 'அத்தை, கண்ணாடின்னா ரெண்டு பக்கமும் இருக்கோணும். நம்ம தோள் ஓரம் சித்தெ தெரிஞ்சாப் போதும், மிச்சமெல்லாம் ரோடு தெரியோணும். தண்டு நீளமா இருக்கோணும், இல்லைன்னா முழங்கைதான் தெரியும். மலிவு மாலு வாங்குனா வண்டி ஓடறப்ப நடுங்கும், பின்னாடி வர்றது பஸ்ஸா எருமையான்னு தெரியாது.' அப்பறம் எங்க ஊட்டுக்காரரைப் பாத்து, 'மாமா, இந்த வாரத்துல சரி பண்ணலைன்னா சாவியை நான் வாங்கிக்குவேன், நீங்க பஸ்ஸுல போயிக்கங்க'ன்னுட்டாரு.

பஸ்ஸுல போனா நான் லேடீஸ் பக்கம், அவரு பின்னாடி. அப்பறம் நாங்க எப்பப் பேசறது? பேசாம எப்படி இருக்கறது? அதனால அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிட்டேன் ஜாபர் பாய் கடைக்கு.

அடேயப்பா, ஒரு கண்ணாடியில இத்தனை தினுசா! வட்டம், சதுரம், எலையாட்ட ஒண்ணு, மாட்டுக் கொம்பாட்ட ஒண்ணு. நீலக் கலர் கண்ணாடி கூட இருக்குது, அதுல பாத்தா ரோடே சாங்காலமாயிருது. பாய் நல்ல மனுசன், உள்ளதைச் சொல்லுவாரு. 'இது ஸ்டைலுக்கு, இது ரோட்டுக்கு, உங்களுக்கு எது வேணும்'னு கேட்டாரு. ரோட்டுக்குன்னேன். பெரிய கண்ணாடி, நீளத் தண்டு, நடுவுல லேசா உப்பலா இருக்கறதாப் பாத்து எடுத்தாரு. உப்பலா இருந்தா நெறையா எடம் தெரியுமாம். ஆனா உள்ளது சின்னதாத் தெரியும், பக்கத்துல வர்ற லாரி தூரத்துல வர்றாப்புல இருக்கும், அதை மனசுல வெச்சுக்கோணும்னாரு. தட்டையான கண்ணாடின்னா உள்ளது உள்ள அளவுல தெரியும், ஆனா எடம் கம்மி.

எங்க ஊட்டுக்காரரு என்ன பண்ணுனாரு தெரியுமா? வண்டியில ஏறி உக்காந்துட்டு, என்னையும் பின்னாடி ஏறச் சொல்லி, 'எதாச்சும் பேசு புள்ள'ன்னாரு. நடு ரோட்டுல, கடைக்கு முன்னாடி! நான் பேசறேன், அவரு ஒவ்வொரு கண்ணாடியா மாத்தி மாத்திப் புடிச்சுப் பாக்கறாரு. உப்பலா இருக்கறதைப் புடிச்சுப் பாத்துட்டு, 'இது வேண்டாம், மூஞ்சி சின்னதாத் தெரியுது'ன்னாரு.

பாய் தலையில கையை வெச்சுட்டாரு. பேரு அவரு சொன்னதுதான், நான் சொல்லலை. 'அர்த்தநாரியண்ணே, அக்கா எங்கயும் ஓடிப் போயிர மாட்டாங்க. இது பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கறதுக்கு.' கடைக்கு வந்தவங்க அத்தனை பேரும் சிரிக்கறாங்க. எனக்கு எங்க மூஞ்சியைக் கொண்டு போய் வெக்கறதுன்னு தெரியலை. ஆனா கண்ணு, அன்னைக்கு மனசுக்குள்ள நான் பட்ட சந்தோசம், கண்ணாலத்தன்னைக்குக் கூடப் பட்டதில்ல.

கடைசியில நான்தான் அதிகாரம் பண்ணி உப்பலா இருக்கற ரெண்டையும் மாட்டச் சொன்னேன். பாய் ரோடு தெரியற மாதிரி வெச்சு, ஸ்பேனர் போட்டு அசையாம முறுக்கிட்டாரு. எல்லாம் முறைப்படி ஆச்சு. அதோட புடிச்சுது சனி.

அடுத்த நாள்லேர்ந்து அந்த மனுசன் பேச்சு மாறிப் போச்சு. நான் பாட்டுக்குப் பேசிட்டு வர்றேன், பதிலே இல்ல. சத்தமாச் சொன்னா எதையோ ஒண்ணைச் சொல்றாரு. 'கறிவேப்பிலை தீந்து போச்சுங்க'ன்னா, 'ஞாயித்துக்கெழமை போலாம்'ங்கறாரு. 'கோகிலா மாமியாரு வழுக்கி விழுந்து கால்ல கட்டுப் போட்டிருக்குதாம்'னேன். 'நல்லது, நல்லது'ன்னாரு. சம்பந்தி கால் ஒடஞ்சது இவருக்கு நல்லதாம்!

கோவம்னு நெனைச்சேன். கடையில எல்லார் முன்னாடியும் நான் அதிகாரம் பண்ணிட்டேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருக்காருன்னு. ஆனா ஊட்டுல எதுத்தாப்புல உக்காந்து சோறு திங்கறப்ப நல்லாத்தான் பேசறாரு. வண்டியில ஏறுனா மட்டும் ஊமை. எனக்கு அழுகையா வந்துச்சு கண்ணு. இத்தனை வருசம் பேசிட்டு வந்த மனுசன் கண்ணாடி மாத்துனதும் மாறிட்டாரேன்னு.

அப்பறம் ஒரு நாள் பாக்கறேன், இடது கண்ணாடி மறுபடியும் என்ற மூஞ்சிக்கு நேரா நிக்குது. 'என்னங்க இது'ன்னேன். 'நட்டு லூசு புள்ள, தானாத் திரும்பிக்குது'ங்கறாரு. நட்டு தானா லூசாகுதாம், அது தானாத் திரும்பி என்ற மூஞ்சியைத் தேடிட்டு வந்து நிக்குதாம்! மாப்பிள்ளை வந்தப்ப முறுக்கி விட்டுட்டுப் போனாரு. மறுநாளு நட்டு மறுபடியும் லூசாகிருச்சு. ஆனா ஒண்ணு, அன்னைக்கே மனுசன் பழையபடி பேச ஆரம்பிச்சுட்டாரு. சரி, கோவம் தீந்துருச்சாட்டன்னு நானும் விட்டுட்டேன்.

என்ன ஸ்டாப்பு இது? ஆத்துப் பாலமா? இன்னும் நேரம் இருக்குது. கேளு.

போன மாசம் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. அத்தனை புள்ளைங்களையும் பந்தியில உக்கார வெச்சுக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. கட்டிக்கிச்சுன்னா சாதாரணமா இல்ல, காத்துத்தான் வருது, சத்தமே இல்ல. டாக்டரம்மா, 'சம்பூர்ணம், ஒரு வாரம் வாயைத் தெறக்கக் கூடாது'ன்னுச்சு. அது சொல்லிட்டுப் போயிரும். சாங்காலம் வண்டியில ஏறுனதும் பழக்க தோசத்துல நான் ஆரம்பிச்சுட்டேன். வாய்தான் அசையுது, எனக்கே கேக்கலை. 'சர்க்கரை தீந்து போச்சு, கடையில நிறுத்துங்க'ன்னேன். சொல்லிட்டுத்தான் நெனைச்சேன், அடச்சே, சத்தம் வர்றதில்லையே, அவருக்கு எப்படிக் கேக்கும்னு.

'அரைக் கிலோ போதுமா?'ன்னாரு.



செரி, நெசமாலுமா, இன்னொருக்காப் பாக்கலாம்னு, 'கோகிலா கூப்புட்டாளா'ன்னு ஒதட்டை மட்டும் அசைச்சேன். காத்துக் கூட விடலை. 'மத்தியானம் வீடியோவுல கூப்புட்டா, நல்லா இருக்கறாளாம்'னாரு. கண்ணாடியில அவரு கண்ணு என்ற வாயையே பாத்துட்டிருக்குது.

உனக்குத் தறிப் பட்டறைக்குள்ள போன பழக்கம் இருக்குதா கண்ணு? அங்க எவ்வளவு கத்துனாலும் பக்கத்துல நிக்கறவனுக்குக் கேக்காது. தறிக்காரங்க எல்லாரும் ஒதட்டைப் பாத்தே பேசிக்குவாங்க. அந்தக் கோடியில இருந்து ஒருத்தரு வாயசைப்பாரு, இந்தக் கோடியில இருந்து இவரு சிரிப்பாரு. நான் கண்ணாலமாகி வந்த புதுசுல சோறு கொண்டு போறப்ப வேடிக்கை பாத்துட்டு நிப்பேன். எல்லாம் தெரியும் எனக்கு. தெரிஞ்சும் மண்டையில ஏறலை பாரு. ஊட்டுல டிவி அலறுது, ரோட்டுல லாரி ஹாரன் அடிக்குது, வெளிய இருந்து கதவைத் தட்டுனா நான்தான் போய்த் தெறக்கறேன். எத்தனை வருசமா இருக்கும்? அவரு காதுல நான் விழுந்து எத்தனை வருசம் ஆச்சோ!

மூஞ்சியைப் பாக்கறாருன்னு பவுடர் போட்டேனே கண்ணு. அவரு பாத்தது என்ற பேச்சை.

அன்னைக்கு ஊட்டுக்குப் போற வரைக்கும் கண்ணுல தண்ணி நிக்கலை. தலைப்புல மூஞ்சியை மூடிக்கிட்டேன். மூடுனதும் அவருக்கு ஒண்ணும் தெரியலை இல்ல, 'என்ன புள்ள, என்ன சொல்றே, தலைப்பை எடு'ன்னு பதறிட்டாரு. தூசின்னேன்.

சொல்லலை. நான் கண்டுபுடிச்சதை அவருகிட்டச் சொல்லலை. செவிட்டுத் தறிக்காரரு மகன் இதை எப்படி வாய் தெறந்து சொல்லுவாரு? மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா அன்னைக்கே சாவி போயிரும். காதுக்கு மிஷினு வெக்கலாமாமே, நீ சொல்ல வர்றது புரியுது. வெக்கோணும். பொங்கல் தாண்டட்டும், மெதுவாப் பேச்சை எடுக்கோணும். அவரு மறைக்கறதை நான் கண்டுக்கிட்டேன்னு அவருக்குத் தெரியாம எடுக்கோணும், அதுதான் கஷ்டம்.

ஆனா ரோடு பொங்கல் வரைக்கும் காத்துட்டு இருக்குமா? போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு இடது பக்கம் திரும்பறப்ப ஒரு மொபெட்டு அந்தப் பக்கத்துலயே வந்துருச்சு. ஹாரன் கீரன் எல்லாம் அடிச்சுத்தான் வந்தான் பாவம். இவரு கண்ணாடியில என்ற வாயைப் பாத்துட்டிருக்காரு. என்ற கால் மேல ஏறியிருக்கோணும், அரை இஞ்சுல தப்புச்சு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. ஹாரன் அவருக்குக் கேக்காது. இடது பக்கம் என்ன வருதுன்னு அவருக்குச் சொல்றதுக்கு அந்த ஒரு கண்ணாடிதான் இருக்குது. அதையும் எனக்குக் குடுத்துட்டு, உசுரைக் கையில புடிச்சுட்டு வண்டி ஓட்டறாரு இந்த மனுசன். எதுக்கு? நான் வெங்காய வெலை சொல்றதைக் கேக்கறதுக்கு.

நீ பேசாம வந்தா முடிஞ்சுது பிரச்சனைன்னு நெனைக்கறே. உன் மூஞ்சியிலயே எழுதியிருக்குது. அதையும் பண்ணிப் பாத்துட்டேன். ஒரு நாள் வாயை இறுக்க மூடிட்டு வந்தேன். பாதி வழி கூடப் போகலை, வண்டியை ஓரங்கட்டிட்டாரு. திரும்பி என்ற நெத்தியில கையை வெச்சுப் பாத்து, 'ஏம்புள்ள, ஒடம்புக்கு என்ன பண்ணுது? ஆசுபத்திரிக்குப் போலாமா?'ங்கறாரு. நான் பேசலைன்னா அவரு ரோட்டைப் பாப்பாருன்னு பாத்தா, இன்னும் அதிகமாக் கண்ணாடியைத்தான் பாக்கறாரு.

அதனாலதான் இது. மூணாவது கண்ணாடி. மககிட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். பெரிய கண்ணாடி ரெண்டும் ரோட்டுக்கு. இது கிளாம்பு போட்டு இடப்பக்கத்துலயே அதுக்கு மேல நிக்கும், இது எனக்கு. ரோட்டைப் பாக்கறதும் பக்கத்துலயே, என்னையப் பாக்கறதும் பக்கத்துலயே. திருப்பம் வர்றப்ப நான் வாயை மூடிக்குவேன். சிரிக்காத, மூடிக்குவேன். இது தட்டைக் கண்ணாடி, உப்பலு கெடையாது. ஒதடு உள்ள அளவுலயே தெரியோணுமில்ல.

பாய் கேட்டாரு, 'அக்கா, தட்டை எதுக்கு, எடம் கம்மியாத்தானே தெரியும்?' நான் என்னன்னு சொல்றது? 'உப்பலுல என்ற மூஞ்சி சப்பையாத் தெரியுதுங்க பாய், எனக்குப் புடிக்கலை'ன்னேன். கடையே சிரிச்சுது. 'அண்ணனுக்கு மேல அக்கா இருக்கறாங்களே'ன்னாரு. இருந்துட்டுப் போறேன். மினுக்கின்னு எனக்குப் பேரு வந்தா வரட்டும், அவருக்கு அவங்கப்பா பேரு வரக் கூடாது.

அவருக்குத் தெரியுமான்னா கேக்கறே, எனக்குத் தெரியும்னு? ஐய, சத்தியமாத் தெரியாது. என்ற மூஞ்சியில ஒண்ணைக் கண்டுபுடிக்க முடியுமா? நான் அப்படி அழுத்தமானவ.

ஆனா எனக்கு இப்ப வேற ஒரு கவலை வந்துருச்சு கண்ணு. தொண்டை சரியாகியும் வண்டியில நான் சத்தம் போட்டுப் பேசறதில்ல, ஒதட்டை மட்டுந்தான் அசைக்கறேன். எதுக்குத் தொண்டையைக் கெடுத்துக்கறது, அவருக்கு ரெண்டும் ஒண்ணுதானே? நேத்து ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க. எல்லாரும் வண்டியை அணைச்சுட்டு நிக்கறோம், ரயிலு இன்னும் வரலை, ஈ பறந்தாக் கேக்கும், அவ்வளவு அமைதி. பக்கத்துல கரும்புச் சாறு விக்கறான். நான் ஒதட்டை மட்டும் அசைச்சு, 'ஒரு டம்ளரு வாங்கிக் குடிக்கலாமுங்களா'ன்னேன். அவரு கண்ணாடியில என்னையப் பாத்து, 'வேண்டாம் புள்ள, மறுபடியும் தொண்டை கட்டிக்கும், அப்பறம் ஊரு அமைதியாப் போயிரும்'னு சொல்லிச் சிரிச்சாரு.

அவரு வாயசைஞ்சதைக் கண்ணாடியில பாத்தேன், ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சுது, நானும் சிரிச்சுட்டேன். அப்பறந்தான் எனக்குத் திக்குன்னுச்சு. அவரு சொன்னது என்ற காதுல விழவே இல்ல கண்ணு! வண்டிச் சத்தம் கூட இல்ல. பக்கத்து வண்டிக்காரன் செல்போன்ல பேசறது கேக்குது, காக்கா கத்தறது கேக்குது, எங்க ஊட்டுக்காரரு பேசறது மட்டும் துளி கேக்கலை. எனக்கும் காது மந்தமாயிட்டு வருதாட்ட இருக்குது. சத்துணவுக் கூடத்துல அத்தனை புள்ளைங்க போடற சத்தம், போகாம என்ன பண்ணும்?

ஏன் அப்படிப் பாக்கறே? அட, இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? என்ன, என்ன சொல்றே? சொல்லு, சித்தெ சத்தமாச் சொல்லு.

அய்யோ, பிரிவு வந்துருச்சு. கண்டக்டரு, எறங்கோணுங்க, விசில் அடிங்க! அந்தப் பையை எடு கண்ணு. அங்க பாரு, புளியமரத்தடியில வண்டியைப் போட்டுட்டு நிக்கறாரு, நீலச் சட்டை. பஸ்ஸு வந்தது கூடத் தெரியாம நிக்கறாரு பாரு. இல்ல, பாத்துட்டாரு, பாத்துட்டாரு. பாரேன், அங்க இருந்தே என்னமோ சொல்றாரு. 'மெதுவா எறங்கு, கண்ணாடி பத்தரம்'ங்கறாரு.

கண்ணாடி வாங்கப் போறேன்னு நான் இவருகிட்டச் சொல்லவே இல்லையே! காலைல வண்டியில வர்றப்ப பாய்கிட்ட என்ன சொல்றதுன்னு வாய்க்குள்ளயே முணுமுணுத்துப் பாத்தேன், அதைப் படிச்சுட்டாரோ?

செரி, அதை நான் போய்க் கேட்டுக்கறேன். நல்லவேளை கண்ணு, பாய் சின்னதாக் குடுத்தாரு, நான்தான் வேண்டாம்னு சித்தெ பெருசா வாங்கிட்டேன். இனி ரெண்டு பேருக்கும் வேணுமில்ல. வரட்டுமா?